எந்தக் காரம்

தேநீர் நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரை அளவாகப் போட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காலையில் எழுத்தர் எழுதிக்கொண்டதில் ஒரு பிழை இருக்கிறது. 'காரம் மாறிப்போயிற்று' என்று சொன்னேன். அவர் அதை மலையாளத்தில் அப்படியே எழுதிவிட்டார். அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரு பொருள், அவருக்கு வேறு பொருள். உங்களுக்கு ஊர் எல்லையோரத்துப் பாறசாலை என்றீர்கள், என் தமிழ் புரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். சென்னையிலிருந்து வரும் ஒரு வார இதழில் 'பேச்சி' என்ற பெயரில் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். படித்தது வேதியியல். பிறந்த வீடு இங்கே சாலை என்ற கடைத்தெருவில். அப்பாவுக்கு வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மனிதர்களிடம் பேச எனக்கு வராது. சாப்பாட்டிடம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலைக்கு வந்தேன். தனியாகப் போய், சாப்பிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பி வந்து எழுதுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் ருசியையும் கொண்டுபோய்விட்டது. திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. அப்பா கடையில் மூட்டை பிரித்தபோது எனக்குத் தும்மல் மட்டும் வந்தது, நெடி தெரியவில்லை. மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிந்தது. ஆனால் காரம் என்பது ருசி அல்ல மேடம். அது வலி. நாக்கில் அதற்கு வேறு நரம்பு. எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதழின் ஆசிரியர் சுமந்த் அப்போதுதான் என் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

ரெனி கழக்கூட்டத்து வாடகை வீட்டில் என்னோடு இருந்தவள். களியக்காவிளைப் பக்கத்துப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. வந்த அன்றே, "பேரு பேச்சி. வாயத் தொறந்தா காத்துதான் வருது" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சாப்பிடுவதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தம்பானூரில் ஒரு கடையில் மீன்கறியை நக்கிவிட்டுச் சொன்னாள்: "எடி, கொடம்புளி முன்னால வந்து நிக்கி, மீனு பின்னால பம்மிட்டு நிக்கி. பொண்ணு பாக்கப் போனா மாப்பிள்ளைக்க அம்ம முன்னால வந்து இரிக்குமே, அதுமாதி."

அதை நான் எழுதினேன். நல்ல தமிழில், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி. வாசகர்கள் நிறையப் பேர் கடிதம் போட்டார்கள். "இப்பதான் மேடம் உங்க எழுத்துல ருசி வந்திருக்கு" என்று சுமந்த் போனில் சொன்னார்.

அதன்பிறகு எங்கே போனாலும் அவளைக் கூட்டிப்போனேன். சாப்பாட்டுக்கு நான் கொடுப்பேன். அவள் ஒரு வாய் எடுத்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அந்த ஒரு கேள்விதான். போளியைப் பாயசத்தில் தோய்த்துச் சாப்பிட்டால், "போளி குளிக்கல்ல, சும்மா கால நனைக்கி" என்பாள். நான் எழுதியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் உண்மையான ருசி.

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அவள் வந்த புதிதில் ஒரு நாள், ஆப்ப மாவைக் கலக்கிக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எடி, அந்தக் காரத்த எடுத்துத் தா" என்றாள். நான் மிளகாய்ப்பொடியை எடுத்துக் கொடுத்தேன். அவள் பார்க்காமல் போட்டுவிட்டாள். ஆப்பம் சிவப்பாக வந்தது. அவள் வீட்டில் காரம் என்றால் ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு. மலையாளத்திலும் அதுதான். எங்கள் வீட்டில் மிளகாய். என் பாடப்புத்தகத்தில் அமிலத்துக்கு எதிரானது, துணியையும் தோலையும் அரிப்பது. அடைத்துக்கொண்ட கழிவுக்குழாயில் போட அதில் ஒரு டப்பா தொட்டிக்கு அடியில் இருந்தது. "ஒரு காரம் கேட்டா மூணு காரம் வச்சிருக்கா பாதகத்தி" என்று ரெனி சிரித்தாள். அன்றிலிருந்து அடுக்களையில் யார் எதைக் கேட்டாலும் மற்றவள், "எந்தக் காரம்?" என்று கேட்பாள். உப்பைக் கேட்டாலும் அப்படித்தான். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

இந்த ஓணத்துக்குப் பிறகு ஒரு மாலை, அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னிக்குச் சாயா நல்லாருக்கு" என்றேன். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே சந்தேகம் இருந்திருக்கிறது. முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டாள்.

"சுமந்த்கிட்ட சொல்லிருடி. ஒண்ணும் ஆவாது. நான் நாக்கு, நீ கை. ரெண்டு பேருக்க பேரும் போட்டு எழுதலாம், கேட்டியா?"

நியாயமான யோசனைதான். நான் சரி என்றேன். சொல்லவில்லை.

அவளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த ஜெயன் படம் பிடிக்கிறவர். அவள் மீன்கறி சாப்பிடுவதைப் பிடித்து இணையத்தில் போட்டார். அதிலும் அவள் அந்த 'மாப்பிள்ளைக்க அம்ம' உவமையைச் சொன்னாள். அவளுக்கு அது தன்னுடைய பேச்சு. ஆனால் கீழே நிறையப் பேர், இது பேச்சி எழுதியது, இந்தப் பெண் திருடுகிறாள் என்று எழுதினார்கள். ஒரு வாரம் அதைப் படித்துச் சிரித்தாள். ஜெயனின் வீட்டார் அதைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை உண்ணியப்பம் சுட்டுக்கிட்டே நேரலையில எல்லாத்தையும் சொல்லப் போறேன். ஒன்னயத் திட்டமாட்டேன். ஒனக்கு ருசி போச்சுன்னு மட்டும் சொல்லுவேன். நீயும் பக்கத்துல இரி, என்னா?"

நான் கோபக்காரி இல்லை, மேடம். சாலைக் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். அவள் நாக்கும் என் நாக்கைப் போலக் கொஞ்ச நாள் ஓய்வாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த நாக்கை நல்ல நல்ல இடங்களுக்குக் கூட்டிப்போய் வளர்த்தது நான். ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனபோது, 'காரம்' என்று அவள் எழுதி ஒட்டியிருந்த டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, தொட்டிக்கு அடியில் இருந்ததைப் போட்டேன். எழுத்தரிடம் மாறிப்போயிற்று என்று சொன்னது இதைத்தான். மாற்றினேன் என்று திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

சர்ச்சுக்கு உடுத்திய உடுப்பிலேயே மாவைக் கலக்கினாள். ஜெயன் வருமுன் ஒரு ஈடு சுட்டுப் பார்த்துவிடலாம் என்று குழிச்சட்டியில் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். எப்போதும் பச்சை மாவை ஒரு விரல் நக்கிப் பார்ப்பாள். பார்த்தாள். நான் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல நாக்கு விழுங்காது. நுனி பட்டதுமே துப்பிவிட்டாள். குழாயைத் திறந்து வாயைக் கழுவினாள். நுனி மட்டும் வெந்து வெளுத்திருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேச்சி, எந்தக் காரம்?"

முதல் முறையாகச் சிரிக்காமல் கேட்டாள். அவள் போனை எடுத்து ஜெயனைக் கூப்பிடத் திரும்பினாள்.

இஞ்சி இடிக்கும் கல்லுரல் அடுப்புப் பக்கத்திலேயே இருந்தது. சாலைக் கடைத்தெருவில் நான் வாங்கியது. குழவி கைக்கு அடக்கமானது. முதல் அடிக்கு அவள் விழவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தாள். இரண்டாவதில் முட்டிபோட்டாள். கையை நீட்டித் தடுத்தாள், விரல்கள் உடைவது கேட்டது. பிறகு வாயில் அடித்தேன். ஒரு முறை அல்ல. மாவுப் பாத்திரம் கவிழ்ந்து அவள் உடுப்பெல்லாம் மாவாகியது. கல்லின் பிடி வழுக்கியதால் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன்.

எண்ணெய் கருகிப் புகைந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு மணம் தெரியாது. தெரிந்திருந்தால் அடுப்பை அணைத்திருப்பேன். எதிர்வீட்டு நாகேஸ்வரன் சாருக்குத் தெரிந்து, வந்து கதவைத் தட்டினார். அப்போதுதான் அடுப்பை அணைத்தேன். அவர் தட்டியிருக்காவிட்டால் நான் இன்று இங்கே இல்லை.

கதவைத் திறக்க ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். அவளுக்கு அப்போது உயிர் இருந்தது என்று டாக்டர் சொன்னாராம். இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வாயில் ரத்தம் நிறைந்து வழிந்தது. அவள் நாக்கில் ஏதோ ஒரு ருசி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இரும்பு" என்றாள். தெளிவாக இல்லை, ஆனால் அதுதான்.

சரியான பதில். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. ஆனால் அது எனக்கே தெரியும். அவள் எப்போதும் அதற்கு மேல் ஒன்று சொல்வாள், எதைப் போல என்று. அதற்காகத்தான் காத்திருந்தேன். கதவைத் திறக்காததற்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை. அவள் சொல்லவில்லை.

ஏட்டம்மா இப்போது ஏதோ சொன்னாரே. இந்தத் தேநீரில் சர்க்கரையே போடவில்லையா? இருக்கட்டும். நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், மேடம். எப்படி இருக்கு?