முதல் குடம்

தண்ணீரை ஒரு வாய் குடித்தாலே எந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். வடமதுரைப் பக்கம் எங்கள் ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை எனக்கு. வால்வைத் திறக்குமுன் ஒரு வாய் குடித்துக் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகுதான் பெண்கள் குழாயடியில் குடம் வைப்பார்கள்.

சாயக் கம்பெனி வந்த மூன்றாம் வருடம், குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் ஊர்க் கிணற்றில் நுரை கட்டியது. ஊரே போய்க் கம்பெனி வாசலை மறித்தது. மேலாளர் மணிமாறன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஊருக்கு முன்னால ஒரு செம்பு குடிச்சுருங்க. ஒங்க மக ஜீவிதாவுக்கு ஆபீஸ்ல வேலை, என் பொறுப்பு."

கூட்டத்தைக் கிணற்றடிக்கு அழைத்துவந்து, மோட்டார் அறைக்குள் போய்ச் செம்பை நிரப்பி வந்தேன். நிரப்பியது கம்பெனி கொடுத்த கேனிலிருந்து. குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றேன். கூட்டம் கலைந்தது.

அதன்பின் நான் கம்பெனியிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டேன். ஜீவிதாவை நாகல் நகரில் விடுதியில் சேர்த்தேன். வீட்டுக்குக் கேன் வாங்கினால் தெரு பார்க்கும். அதனால் வாங்கவில்லை.

"என்னங்க, தண்ணி கசக்குதே" என்றாள் மனைவி மணிமேகலை.

"ஒன் நாக்குல கோளாறு."

"அப்ப ஒங்க நாக்கையே கடன் குடுங்க" என்று சிரித்தாள்.

குழாயடியில் முதல் குடம் அவளுடையதாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

இரண்டு வருடத்தில் பதினோரு பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. இறந்தவர்களில் அவள் நான்காவது. கம்பெனி ஒரு மாலையும் இருபது கேன் தண்ணீரும் அனுப்பியது. துக்கத்துக்கு வந்தவர்கள் டம்ளரைத் தொடாமல் என்னையே பார்த்தார்கள். பழக்கம். நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் குடித்தார்கள்.

"ஏன் மாப்ள, இம்புட்டு நல்ல தண்ணி வர என் தங்கச்சி சாக வேண்டியிருந்துச்சா?" என்றார் மச்சான் ஒச்சப்பன்.

ஜீவிதாவின் வேலையைப் பற்றிக் கேட்கப் போனபோது மணிமாறன் என்னை யாரென்றே தெரியாததுபோல் பார்த்தார். நம்பிக்கைத் துரோகம் என்றால் அதுதான் அய்யா. அதை எழுதிக் கொடுக்கவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் யாரையும் ஏமாற்றியவன் அல்ல.

இன்று காலைகூட வேலையை விட்டுவிட்டு வரவில்லை. பெண்கள் காத்திருந்தார்கள். ஒரு வாய் குடித்துக் காட்டி, வால்வைத் திறந்துவிட்டேன். தெருமுனை திரும்பிய பிறகுதான் துப்பினேன்.