மழைக்காலத்துல ஏறுன நம்பர்

பாத்து வாங்கம்மா, அந்தக் கடைசிப் படி கொஞ்சம் ஆடும். ஆங், தண்ணித் தொட்டி பக்கத்துல நிக்குதே, அதான் உங்க பெட்டி. காத்துல தூசி எவ்வளவு, கந்தகப் புகை எவ்வளவுன்னு அதுபாட்டுக்கு அளந்து உங்க ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. எனக்கு எப்படித் தெரியுமா? நல்லா கேட்டீங்க போங்க! வருசக்கணக்கா என் மொட்டை மாடியிலதானே குடித்தனம் பண்ணுது. ஒரு வார்த்தை பேசாது, அவ்வளவுதான்.

முதல்ல டீயக் குடிங்க. வேலை எங்கயும் ஓடிப்போயிராது.

நான் லாரி ஓட்டுனவன்மா. புகை நமக்குப் பழகுன ஆளு. விடியக்காலம் வண்டிங்க, அந்தா தெரியுதே அந்த ஃபேக்டரி பாய்லர், எல்லாம் ஒண்ணாக் கெளம்பும். பனிக்காலத்துல அந்தப் புகை மேல போகாது, ஊரையே கம்பளி மாதிரி போத்திக்கிட்டுக் கெடக்கும். வெயில் ஏறுனா கலையும், சாயங்காலம் மறுபடி வந்து குந்திக்கும். மழை வந்தாத்தான் கழுவி விட்டாப்புல இருக்கும்.

அதேதான், அதேதான். இப்ப மழைக்காலம். ஃபேக்டரியும் ரிப்பேர்னு மூடிக் கெடக்கு. அப்புறம் ஏன் சாயங்காலமானா பெட்டி அனுப்புற நம்பர் குதிக்குதுன்னுதானே வந்திருக்கீங்க?

உங்களுக்கு முந்தி ஒருத்தர் வருவார். கண்ணாடிக்காரர்னு கூப்பிடுவேன். அப்ப இருந்த பழைய மெஷின்ல வாரா வாரம் ஃபில்டர் மாத்த வருவார். வேலை கொஞ்சம், அரட்டை மீதி. அவர் ரிட்டையர் ஆனதும் தானா ஓடுற பெட்டி வந்துருச்சு. அப்புறம் இந்தப் படியில யாரு ஏறுறா? சம்சாரம் போய்ச் சேந்துட்டா. பொண்ணு போன்ல சாப்பிட்டியாப்பான்னு கேக்கும், பதில் சொல்றதுக்குள்ள வெச்சுரும். கஷ்டமாத்தான்மா இருக்கு. சில நாள் இந்தப் பெட்டி பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்துக்குவேன்.

ஐயையோ, ஸ்குரூவ ஏன் கழட்டுறீங்க? பழுதுன்னு எழுதிட்டீங்களா? வேற மாடிக்கா கொண்டு போறீங்க?

இருங்கம்மா, இருங்க. பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. போன பனிக்காலத்துல நம்பர் எக்கச்சக்கமா ஏறுச்சுன்னு உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் ஓடி வந்தார். அரை நாள் இங்கயே இருந்தார், பேசிக்கிட்டு. மழை பிடிச்சதும் ஒருத்தரும் வரல. அதான்... காத்து உறிஞ்சுற குழாய் இருக்குல்ல, அதுக்குக் கீழ நாந்தான் சாயங்காலம் சாயங்காலம் தீக்குச்சி கொளுத்திப் பிடிச்சேன். நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஒரு தீப்பெட்டி முழுசா காலியாயிருச்சு.

டீ ஆறுது பாருங்க.