ஏழாம் நம்பர் பில்லை

விடிகாலை நாலே கால். ரெண்டு பக்கமும் சோளத்தட்டைப் போர், நடுவுல ஒத்தை ரோடு... சைக்கிள்ல போறது என் கூட்டாளியோட அக்கா புருஷன். ஏய், போர்வையை நீயே இழுத்துக்காதே.

தட்டை, உமி, மரத்துண்டு எல்லாத்தையும் அரைச்சு, அழுத்திக் கட்டியாக்குற ஆலையில அவர் ஆப்பரேட்டர். நிலக்கரிக்குப் பதிலா அந்தக் கட்டியைத்தான் பாய்லர்ல போடுவாங்க. அரவை மிஷின் அடைச்சுக்கிட்டா ஆள் உள்ளே இறங்கணும். இறங்குறவன் தன் நம்பர் போட்ட தகரப் பில்லையை சுவிட்ச் மேல மாட்டிட்டுப் போவான். பில்லை தொங்கினா உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம். மாட்டினவன்தான் எடுக்கணும். வேற எவனும் தொடக் கூடாது.

இவர் தொட்டார்.

கூட வேலை செஞ்சவன் ஒருத்தன், எப்பவும் சீட்டியடிப்பான். அதனால பேரே சீட்டி. பத்துப் பேர் முன்னால இவரை அறைஞ்சுட்டான். மறுநாள் சீட்டி உள்ளே இறங்கினான்... இவர் அவனோட ஏழாம் நம்பர் பில்லையைக் கழட்டினார். பொத்தானை அமுக்கினார். சீட்டிச் சத்தம் பாதியில நின்னுது. அப்புறம் எலும்பு... பச்சைக் கொம்பு முறியற மாதிரி. பில்லையையும் பின்னாலயே உள்ளே வீசிட்டு, அவன் மாட்டவே இல்லைன்னு அழுதார். எல்லாரும் நம்பினாங்க. தூக்கத்துல பொண்டாட்டிகிட்ட உளறினதாலதான் இது நமக்கே தெரியும்.

இப்ப ரோட்டுக்கு வாங்க. ஆலைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கு... சூடான கிரீஸ் வாசனை. கூடவே பச்சை ரத்த வாடை. காறித் துப்பிட்டு மிதிச்சார்.

போனா, மிஷின் அடைச்சுக்கிட்டு நிக்குது. அந்த நேரத்துக்கு இவரை விட்டா ஆள் இல்லை. உயிர் பயம். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"இங்கயே நில்லுய்யா. என் பில்லையை யாரும் தொடாம பாத்துக்கோ."

பன்னிரண்டாம் நம்பரை மாட்டினார். ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தார். மூணாவது தரமும். இறங்கினார்.

வாட்ச்மேன் கண்ணை எடுக்கலையாம். உள்ளேயிருந்து சீட்டிச் சத்தம் வந்துது... அவருக்குச் சீட்டியடிக்கவே வராது. அடுத்த நொடி பொத்தான் தானா அமுங்குச்சு.

அவர் கத்தினது ஒரே தரம். தெறிச்ச ரத்தம் வாட்ச்மேன் கண்ணுக்குள்ள. தடவித் தடவி மிஷினை நிறுத்தினான். முழுசா மிஞ்சினது வலது கை ஒண்ணுதான். மூடியிருந்த விரலைப் பிரிச்சாங்க. உள்ளே பன்னிரண்டாம் நம்பர் பில்லை.

அப்ப சுவிட்ச் மேல தொங்கினது?

ஏழு. நசுங்கி, நெளிஞ்சு... தொட்டா சுடுது.

அதுக்கப்புறம் அந்த மிஷினை யாரும் ஓட்டல. பில்லையையும் எடுக்கல. மாட்டினவன்தானே எடுக்கணும்? அது தொங்குற வரைக்கும்... உள்ளே ஆள் இருக்கான்னுதானே அர்த்தம்.