செம்பாயி தன் கையில வச்ச எண்ணெய்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம கரையில பத்துப் பன்னெண்டு ஓலைக்குடிசை மட்டும் நின்ன நாள்ல, செம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வம்சத்துக்கே மூத்தவ. அவளுக்கு ஒரே புள்ள, முத்தையன். நடக்கப் பழகுற வயசு. அவனுக்கு உடம்பு பூரா புண்ணு வந்துச்சாம். சீழ் ஒழுகுது, ஈ மொய்க்குது.

ஊருக்கு பயம் புடிச்சுக்கிச்சு. ஊர்த்தலைவரு, அதான் நாட்டாரு, சொல்லிட்டாராம், "பொழுது சாயறதுக்குள்ள புள்ளைய மணல்திட்டுல விட்டுடணும். இல்லேன்னா ஊரே அழுகிப்போகும்." மணல்திட்டுன்னா தெரியும்ல? அலை ஏறுனா முழுகிப்போற திட்டு.

செம்பாயிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. புருஷன் கடல்ல. அப்பத்தான் ஒரு நெனப்பு வந்துச்சாம். புன்னைக்கொட்டைய இடிச்சு எண்ணெய் எடுத்து, புழு அரிக்காம இருக்க வள்ளத்துக்குப் பூசுவாங்க. வாயில பட்டா விஷம். பூசுனவன் கடல்ல முழுகாம ஒருத்தரையும் தொடக்கூடாது. ஆனா உப்புல வெடிச்ச கை அவனுக்கு மட்டும் ஆறிடும்! எல்லாரும் பாத்ததுதான். பயம் யோசிக்க விட்டாத்தானே!

சட்டியோட எண்ணெய எடுத்தாந்துட்டா. புள்ள மேல வைக்கக் கை வரல. புள்ள செத்துப்போயிட்டா என்ன பண்றது? மீன் அரியற கத்தியால தன் கையக் கீறி, அதுல மொதல்ல வச்சாளாம்.

நாத்தனா ராக்காயி பக்கத்துல நின்னா. "அண்ணி, எரியுதா?"

"பயமா இருக்குடி"ன்னாளாம் செம்பாயி. அப்புறம் புள்ளைக்கும் பூசுனா.

பொழுது சாய ஆளுங்க வந்துட்டாங்க. செம்பாயி வாசல மறிச்சு நின்னா. "இந்தா பாருங்க என் கைய. இது அழுகுனா எங்க ரெண்டு பேரையும் சேத்தே திட்டுல விடுங்க. அதுவரைக்கும் எம்புள்ளையத் தொடாதீங்க!" சொல்லிக்கிட்டே எண்ணெய் சொட்டுற கைய நீட்டுனாளாம். அத்தன ஆம்பளையும் அந்தக் கைக்குப் பயந்து பின்னாடி போனாங்களாம். வீரனுங்க!

கை அழுகல. கீறல் மூடுச்சு. பூசப் பூச முத்தையனுக்கும் புண்ணு காஞ்சு பொருக்கு உதிர்ந்துச்சு. அவன் பொழைச்சதாலதான் நாம இருக்கோம்.

அதுலேருந்து நம்ம கரையில புண்ணுன்னாலும் மூட்டுவலின்னாலும் புன்னை எண்ணெய்தான். ஆனா எந்தத் தாயும் நேரா புள்ளைக்கு வைக்கமாட்டா. மொதல்ல தன் கையில வைப்பா. பக்கத்துல இருக்கறவ, "எரியுதா?"ன்னு கேக்கணும். இவ, "பயமா இருக்கு"ன்னு சொல்லணும். சிரிச்சுக்கிட்டேதான் சொல்ல ஆரம்பிப்பாளுங்க. புள்ள அழுவுறது காதுல விழுந்ததும் நெசமாவே பயந்துடுவாளுங்க.