வண்டி எடுக்கப் போன நேரம்

நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சீட்டுலதாங்க என் வீட்டுக்காரிய கடைசியா உயிரோட பாத்தேன். அட, எந்திரிக்காதீங்க. உறையெல்லாம் மாத்திட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு. அன்னைக்கு ஓடினதும் இதே படம்தான். இதுல அவ பாத்து நான் பாக்காத பாகம் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் வந்தேன். இல்லேன்னா இந்தக் கொடுமைய எவன் ரெண்டாந்தடவ பாப்பான்...

பாருங்களேன். கெழவன் ஆட்டத் தேடுறான். அரை மணி நேரமாத் தேடுறான். ஆடு அவனுக்குப் பின்னாடியே நிக்குது. நமக்குத் தெரியுது, பக்கத்து மலைக்குத் தெரியுது, அவனுக்கு மட்டும் தெரியல. நம்ம படமா இருந்தா இந்நேரம் ஆடே அவன் தோளத் தட்டிக் கூப்பிட்டிருக்கும். இதுக்குப் பேரு உலகப் படமாம். உலகத்துல ஆடு மேய்க்கிறவனத் தவிர வேற மனுசனே இல்ல போல.

மெதுவாத்தாங்க பேசுறேன். முன்வரிசைத் தாடிக்காரர் முறைக்கிறார், முறைக்கட்டும். படத்துல இருக்கிறவங்க பேச மாட்டேங்கிறாங்க, யாராவது ஒருத்தர் பேச வேணாமா?

நான் முப்பத்தொரு வருஷம் லேத்துல நின்னவன். காலைல மாட்டின இரும்பு சாயங்காலம் ஒரு உருவமா எறங்கணும். இவங்க ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு, உருண்டையா சதுரமான்னுகூடச் சொல்ல மாட்டாங்க. கேட்டா, 'படம் உங்களுக்குள்ள நடக்கணும் சார்'ங்கிறார், இந்தப் படமெல்லாம் போடுற திரைப்படச் சங்கத்துச் செயலாளர். எனக்குள்ள வாயுதாங்க நடக்குது.

அவ அப்படியில்ல. ஆஸ்பத்திரில துணி வெளுக்கிற பிரிவுல வேலை, நாள் பூரா மெஷின் இரைச்சல். சனிக்கிழமை மத்தியானம் இங்க வந்து சாஞ்சா, 'ரெண்டு மணி நேரம் யாரும் கத்த மாட்டாங்க'ம்பா. கீழ ஓடுற எழுத்தக்கூடப் படிக்க மாட்டா. 'மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா'ம்பா. நான் அவளுக்குத் துணை. கொட்டாவி விடுறதுக்கு ஒரு துணை.

பின்னாடி ஒருத்தர் மொனகுறார் கேக்குதா, இத எவன் மறுபடி போடச் சொன்னான்னு? நான்தாங்க. ஒம்பது கடுதாசி எழுதிச் செயலாளர் உயிர வாங்கினேன். பின்னாடி இருக்கிறவர்கிட்டச் சொல்லிடாதீங்க.

ஆங்... இருட்டாயிடுச்சு. எங்கங்க கெளம்பிட்டீங்க? முடியல. இப்படித்தான் ஒரு நிமிஷம் கறுப்பாவே விட்டிருக்கான் அந்த மகராசன். நானும் அன்னைக்கு முடிஞ்சுதுன்னுதான் எந்திரிச்சேன். கூட்டம் வர்றதுக்குள்ள ஸ்டாண்டுலேர்ந்து வண்டிய எடுத்துரலாம்னு. 'உக்காருங்க, இன்னும் இருக்கு'ன்னா. 'ஆமா, நீதான எடுத்த படம், உனக்குத் தெரியும்'னுட்டுப் போயிட்டேன்.

வெளிய வண்டிய ஓட விட்டுக்கிட்டு ஹாரன் அடிச்சேன். விட்டு விட்டு அடிச்சேன். உள்ள நல்லாக் கேட்டுச்சாம், அப்புறம் சொன்னாங்க. கூட்டம் வந்துச்சு. அவ வரல. டாக்டர், 'மாரடைப்பு, பக்கத்துல யாராவது இருந்திருந்தா'ன்னு ஆரம்பிச்சவர், என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டார்.

எது வரைக்கும் பாத்தாளோ... கடைசியா என் ஹாரனத்தான் கேட்டாளோ.

சரி, போறதுன்னாப் போங்க. கொஞ்சம் குனிஞ்சு போங்க, திரைய மறைக்குது.

இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு.