மூன்றாவது துளை

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் சார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுப் பையன்களுக்குப் போட்டுப் போட்டு என் கை அப்படிப் பழகிவிட்டது. குறைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் டப்பாவைத் திறக்கிறேன். கை தன் அளவுக்குத்தான் அள்ளுகிறது.

உங்களை அம்பத்தூர் வரைக்கும் வரவழைத்ததற்கு மன்னிக்க வேண்டும். விசாரணை முடிந்துவிட்டது, கார் ரேஸ் கிளப்பில் ஃபைலையும் கட்டி வைத்துவிட்டீர்கள் என்று தெரியும். என்னிடம் ஓட்டக் கற்ற லட்சுமணனின் விபத்துக்கு வண்டியில் பழுது காரணமில்லை, ஓட்டியவன் தவறுதான் என்று எழுதியிருக்கிறீர்களாம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் எனக்கு வருத்தம்.

என் அப்பா அடுத்த ஊரான பாடியில் லாரிகளுக்கு பிரேக் வேலை பார்த்தவர். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, ஷெட் அமைந்தது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை வண்டி இரண்டு கட்டினேன். வாசலில் 'அம்பத்தூர் ஜூனியர்ஸ்' என்று போர்டு மாட்டினேன். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ரயிலேறிப் பையன்கள் வருவார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டால் முகம் மாறுகிற பிள்ளைகள். கேலி பேசியவர்கள் பேசினார்கள். "இன்னாம்மா, பொம்பள ஷெட்டுல ரேஸ் காரா? கேக்கு செஞ்சி குடுப்பியா?" என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கும் கேக் கொடுத்துவிட்டுத்தான் இருக்கிறேன்.

என் வழிமுறையைச் சொல்கிறேன். புதிதாக ஓட்டுகிறவனுக்கு பயம் நெஞ்சில் இருக்காது, வலது காலில் இருக்கும். வளைவு வந்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பான். தொடாதே என்று ஆயிரம் தடவை சொன்னாலும் கேட்க மாட்டான். அதனால் நான் சொல்வதில்லை. என் வண்டிகளில் பிரேக் பெடலில் மூன்று துளைகள் போட்டிருக்கிறேன். மிதியை பிரேக்குக்குக் கொண்டுபோகிற தள்ளுகம்பியை முதல் துளையில் கோர்த்தால் பெடல் பூ மாதிரி இறங்கும். இரண்டாவதில் கொஞ்சம் கெட்டி. மூன்றாவதில் மாட்டினால் முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும், முழங்கால் வலிக்கும். பையன் சேரும்போது முதல் துளை. சில மாதம் கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. அவனிடம் சொல்ல மாட்டேன். கால் தானாகக் கற்றுக்கொள்ளும். வேண்டாத இடத்தில் தொடாது, வேண்டிய இடத்தில் மொத்த உடம்பையும் போட்டு மிதிக்கும். என் பையன்கள் வளைவில் பறப்பதைப் பார்த்து நீங்களே கைதட்டியிருக்கிறீர்கள்.

பிரேக் பக்கம் என்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது என்று ஷெட்டில் ஒரு சட்டம். பிள்ளைகள் பத்திரத்தில் செலின் அக்காவுக்கு எவ்வளவு கவனம் பார் என்பார்கள். கவனம்தான்.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. வளர்ந்த பையனைப் பெரிய அணி ஏதாவது கேட்டு வரும். அனுப்பத்தான் வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு மாதம் அவனை என் வண்டியிலேயே ஓட்டவிட்டு, துளையை மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று இறக்கிக்கொண்டு வருவேன். அதற்குக் கால் இளக்குவது என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இளக்காமல் அனுப்பினால் வேறு வண்டியின் லேசான பிரேக்கை லாரி பிரேக் மாதிரி மிதித்துவிடுவான் அல்லவா? சக்கரம் நான்கும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும்.

என்னிடம் வளர்ந்த ஜெயபாலை அப்படி இளக்கித்தான் அனுப்பினேன். போன இடத்தில் கோப்பை வாங்கினான். பத்திரிகையில் பேட்டி வந்தது. தொழில் கற்றதெல்லாம் புது அணியில்தான் என்று சொல்லியிருந்தான். என் பெயர் அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

லட்சுமணன் வேறு மாதிரி. நெமிலிச்சேரிப் பையன். அவன் அம்மா கன்னியம்மாள் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவனைப் பால் வேனில்தான் முதலில் பார்த்தேன். ஏரிக்கரை வளைவில் என் ஸ்கூட்டரைத் தாண்டிக்கொண்டு போனான். வளைவு முடிகிற வரைக்கும் வேனின் பின்விளக்கு ஒரு தடவைகூட சிவக்கவில்லை. நான் துரத்திப் போய் நிறுத்தினேன். "பாலு சிந்திச்சா அக்கா? ஒரு சொட்டு சிந்தியிருந்தா சொல்லு, வேனை இங்கயே உட்டுட்டு நடந்து பூட்றேன்" என்றான். சிந்தவில்லை.

மூன்று வருஷம் என்னிடம் இருந்தான். என் மேஜையில் சாப்பிட்டான். காய்ச்சல் வந்தால் என் வீட்டில்தான் படுப்பான். "ஜெயபால் அண்ணன் மாறி நான் பூடுவேன்னு நெனச்சிகினியா? இந்த ஷெட்ட உட்டு என்னை எடுக்கணும்னா ஜாக்கி போட்டுத்தான் தூக்கணும்" என்பான். நான் கேட்காமலே சொன்னது அது. மூன்றாவது துளைக்கு அவனைப் போலச் சீக்கிரம் வந்தவன் வேறு யாரும் கிடையாது.

அப்புறம் பார்த்தசாரதி வந்தார். நுங்கம்பாக்கத்துக்காரர், சொந்த அணி வைத்திருப்பவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். இதோ, இந்த நாற்காலியில் உட்கார்ந்து என் கையால் கட்லெட் சாப்பிட்டார். வாய் நிறையப் புகழ்ந்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்கதாம்மா நாற்றங்கால். ஆனா நாத்து வளர்ந்தா பிடுங்கி நட்டுத்தானே ஆகணும்? நடவு வயல் எங்களோடது."

லட்சுமணன் சிரித்தான். நிலத்தில் வளர்ந்த பிள்ளை, உவமை பிடித்துவிட்டது. "கரெக்ட்டா சொன்னீங்க சார்" என்றான்.

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்ததாக எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்த காரியமென்றால் அதில் ஒழுங்கு இருக்காது.

மறுநாள் லட்சுமணன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, ஒடனே போவல. ஒரு மாசம் இங்கயே ஓட்டிட்டுப் போறேன். உனுக்கும் வேற பையன் பாக்கணுமில்ல?"

ஒரு மாதம். அவனாகவே கேட்டான்.

"வேண்டாம்பா" என்றேன். "நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நாளைக்கே போய்ச் சேர்ந்துகொள்."

புதுக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். கோயிலுக்கு அழைத்துப்போய் மெழுகுவத்தி ஏற்றவைத்தேன். கன்னியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெத்தவகூட இப்டி ஒரே சொல்லுல உடமாட்டாம்மா" என்றார். பார்த்தசாரதி கிளப்பில் எல்லோரிடமும் என் பெருந்தன்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் அம்பத்தூரில் என்னைவிட நல்ல பெயர் யாருக்கும் இல்லை.

புது அணியில் சேர்ந்த பிறகு, ரேஸுக்கு முன்னால் ஒரு தடவை லட்சுமணன் பிஸ்கட் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான்.

"அந்த வண்டி பிரேக்கு பஞ்சு மாறி கீதுக்கா. சும்மா கால வெச்சாலே கவ்வுது. மொத நாளு ரெண்டு தபா சுத்திகினு புல்லுல பூட்டேன். அவுனுங்க சிரிச்சானுங்க. இப்ப பழகிட்டேன்."

"பழகிவிட்டாயா? நல்லது" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னான். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. மனசு சில நாளில் பழகிவிடும். யோசித்து மிதிக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. யோசிக்க நேரமில்லாதபோது மிதிப்பது மனசு இல்லை சார், கால். அந்தக் கால் என் ஷெட்டில் வளர்ந்தது.

ரேஸ் அன்று பூந்தமல்லிப் பக்கமாக பஸ் மாறிப் போய், முதல் வளைவுக்கு எதிரில் நின்றுகொண்டேன். எல்லோரும் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள். எனக்கு முதல் வளைவு போதும். புறப்பட்ட உடனே எல்லா வண்டியும் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வருவது அங்கேதான். யாராவது ஒருவன் குறுக்கே சுழன்றுவிடுவான். அன்றைக்கும் ஒருவன் சுழன்றான். பின்னால் வந்தவர்கள் பிரேக்கைத் தொட்டுத் திருப்பி விலகிப் போனார்கள். லட்சுமணன் மிதித்தான்.

நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் நின்றன. ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று இல்லை. அவ்வளவு சுத்தமான மிதியை என் அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஸ்டியரிங்கை அவன் திருப்பியதையும் பார்த்தேன். வண்டி நேரே போய் டயர் அடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் அந்த வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தார்கள். பாவம், ஒரு வாரம் தேடினார்கள். வண்டியில் எப்படிக் கிடைக்கும்? நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. நீங்கள் தேட வேண்டிய பொருளை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

கன்னியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். "போவாதன்னு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா நின்னிருப்பானேம்மா." வளரும் பிள்ளையைத் தடுப்பது பாவம் அம்மா என்று தேற்றினேன். பார்த்தசாரதி முதல் வாரம் பழக்கூடையோடு வந்தார். அப்புறம் வரவில்லை. நடவு வயலில் அவ்வளவுதான் கவனிப்பு.

லட்சுமணன் என்னிடமே திரும்பி வந்தான். "வேற எங்கக்கா போறது?" என்றான். இப்போது காலையில் வந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இங்கேதான். சாப்பாடு என்னோடு. புதுப் பையன்களுக்கு வளைவு எடுக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவனைக் கேட்டுக்கொண்டு இனி யாரும் வரப்போவதில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்கட்டும் என்று பிரேக் வேலையையும் சொல்லிக்கொடுத்தேன். அங்கேதான் நான் ஒன்றை யோசிக்கவில்லை.

போன திங்கட்கிழமை தன் பழைய வண்டியின் மூக்கைத் திறந்து பெடலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா இது, மூணு ஓட்டை? மூணுமே தேஞ்சி பளபளன்னு கீது?"

அவன் புத்திசாலி. பெடலைத் திரும்பப் பொருத்தி, கம்பியைக் கோர்க்கிற பின்னை எடுத்து ஒவ்வொரு துளையிலும் மாட்டி, கையால் அழுத்திப் பார்த்தான்.

"ஜெயபால் அண்ணன் ஒரு தபா சொன்னாரு, இங்க கடசி மாசம் பிரேக்கு லேசாய்க்கினே வந்திச்சின்னு. நீதான் எறக்கினியா?"

"ஆமாம்பா."

"எனுக்கு மட்டும் எறக்கல."

"இல்லை."

என் முகத்தைப் பார்த்தான். நான் திரும்பிக்கொள்ளவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"மறந்துட்டியாக்கா?"

ஆமாம் என்றேன்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "உடு. இத மனசுல வெச்சிகினு அழுவாத. வயசாவுதில்ல, எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிக்க முடியுமா? இனிமே பிரேக்கு வேலை முழுக்க நானே பாத்துக்கறேன். உனுக்கு எதுக்கு?"

சார், எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இந்த ஷெட்டில் எந்த வண்டிக்கு எந்தத் துளை என்பதை எழுதி வைத்ததும் கிடையாது, மறந்ததும் கிடையாது. அன்று மாலையே பெடல் பெட்டியின் சாவியை என்னிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டான். பையன்களிடம் வேறு, "அக்காவுக்கு மறதி வந்திச்சி, ஒருதரம் பாத்துக்கோங்கடா" என்று சொல்லி வைத்திருக்கிறான். அவர்கள் நான் முடுக்கிய நட்டை மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பார்க்கிறார்கள், என் கண் முன்னாலேயே.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் ஓட்டியவன் தவறு என்கிறீர்கள். அவன் அக்காவின் மறதி என்கிறான். இரண்டும் தப்பு. பழக்கியபடி இம்மியும் பிசகாமல் மிதித்தான் அவன். நானும் எதையும் மறக்கவில்லை. அவன் ஒரு மாதம் கேட்டபோது, அந்த ஒரு மாதம் எதற்கு என்று தெரிந்துதான் வேண்டாம் என்றேன். ஃபைலை மறுபடி திறந்து இதை எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், நான் தடுக்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், திரும்பப் படித்துக் காட்டும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவன் பக்கத்தில் ஷெட்டில்தான் இருக்கிறான். பிள்ளை மனசு, தாங்காது. அவனை நோகவைத்து எனக்குப் பழக்கமில்லை.