தட்டையாய்ப் போன மான்புள்ளி

– அன்னைக்கு இந்தக் கூடத்துல இருந்தது யார் யார்? இந்த வீட்டுப் பெரியவன் ஒகுனோ கென்சாகு, அதாவது நான். என் தங்கச்சி தோமி, அதாவது நீ. செத்துப்போன நம்ம தம்பியோட பொண்ணு சிசுரு. அவளைப் பெண் பார்க்க வந்த பையன் தகுமா. அவனோட அம்மா, ஹோரியே அம்மா. அவ்வளவுதான். அப்புறம் எப்படி இந்தப் பேச்சு கியோத்தோ முழுக்கப் பரவிச்சு?

– பையன் வாயைத் திறந்ததே பலகாரம் திங்கத்தான், அண்ணா. அவனா இருக்காது.

– பொதுக் குளியல்ல என்ன பேசிக்கிட்டாங்க? பூசி மெழுகாம சொல்லு.

– 'ஒகுனோ வீட்டு மான்புள்ளிப் பட்டு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தினது இல்லையாம், அச்சுல அடிச்சதாம். பொண்ணு போட்டிருந்த கிமோனோக் கையைத் தடவினா வழவழன்னு இருந்துச்சாம்.' இதைத்தான் சொன்னாங்க. நான் தலையில சோப்போட உட்கார்ந்திருந்தேன். யாருன்னு தெரியாம எனக்கு முதுகு வேற தேய்ச்சுவிட்டாங்க.

– அச்சா? நம்ம அம்மாவோட கல்யாணக் கிமோனோவா அச்சு? ஒவ்வொரு புள்ளியையும் விரல் நுனியில கிள்ளி, நூலைச் சுத்தி, இறுக்கி, சாயத்துல முக்கி, ஒவ்வொரு முடிச்சா அவிழ்த்து, புள்ளிக்குப் புள்ளி மேடு எழும்ப...

– அண்ணா, என்கிட்ட விக்காதீங்க.

– விக்கத்தானே எனக்குத் தெரியும். ஆயுசு பூரா முடிச்சுப் பட்டு வித்தேன், சொந்தமா ஒரு முடிச்சுப் போட வராது. செருப்பு வார் அறுந்தாக்கூட உன்னைத்தான் கூப்பிடறேன்.

– நான் மட்டும் என்ன பெரிய ஆளா? கிமோனோப் பெட்டிக்குக் காவல் நான்தான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். கோடையில காத்தாட விரிச்சப்போ புள்ளி ஒவ்வொண்ணும் மொட்டு மாதிரி குத்திக்கிட்டு நின்னுச்சு. பெண் பார்க்க வந்த அன்னைக்குச் சிசுருவுக்குப் போட்டுவிடறேன், எல்லாம் தட்டை. வாயைத் திறக்காம இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டேன். நல்ல காவல்.

– பெட்டியிலேயே இருந்து அமுங்கியிருக்கும்.

– அம்மா காலத்துலேர்ந்து அமுங்காதது இந்த வருஷம்தான் அமுங்குச்சா?

– தேநீர் போடேன்.

– பேச்சை மாத்தாதீங்க. உள்துணியைக் கொஞ்சம் பிரிச்சுப் பின்பக்கத்தைக் காட்டுவோம். அச்சுன்னா சாயம் பின்னால சரியா இறங்கியிருக்காது. முடிச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒரே புள்ளி. வழக்கு முடிஞ்சுது.

– ஊர் கேட்டுச்சுன்னு ஒகுனோ வீடு தையலைப் பிரிச்சுக் காட்டாது.

– ஆமா, ஒகுனோ வீடு. வாசல்ல 'முடிச்சுச் சாயப் பட்டு'ன்னு பலகை. உள்ள நாம விக்கிறது சுற்றுலாக்காரங்களுக்குக் கைக்குட்டை. அதுவும் அச்சு.

– பலகை அசல்.

– கதவு சத்தம். அவங்கதான், அண்ணா. நிமிர்ந்து உட்காருங்க. ஐயோ, நீங்க எப்பவுமே நிமிர்ந்துதானே இருக்கீங்க... வாங்க ஹோரியே அம்மா, உள்ள வாங்க. வீடு அலங்கோலமா கிடக்கு.

– பளிச்சுன்னு இருக்கு, தோமி அம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு.

– ரெண்டு ரயில் மாறி இந்தப் பக்கம் வந்திருக்கீங்க, ஹோரியே அம்மா. ஊர்ப்பேச்சு உங்க காதுக்கும் வந்திருக்கும்.

– நான் ஒண்ணும் சொல்ல வரல, ஒகுனோ ஐயா. ஊசி செஞ்சு விக்கிற சின்னக் குடும்பம் நாங்க, பட்டைப் பத்திப் பேச எங்களுக்கு என்ன தெரியும்? ரொம்ப வழவழப்பான பட்டுன்னு வீட்டுல போய்ப் பாராட்டினேன், அவ்வளவுதான்.

– தோமி, கத்தரியை எடு.

– அண்ணா, இப்பத்தானே பிரிக்க மாட்டேன்னு...

– இவங்க திட்டியிருந்தா பிரிச்சிருக்க மாட்டேன். பாராட்டிட்டாங்க. எடு.

– கத்தரியைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க. என்கிட்ட குடுங்க. இதோ, கை ஓரத்துல விரலளவுதான் பிரிக்கிறேன். பாருங்க ஹோரியே அம்மா. பின்பக்கம். முன்பக்கம் மாதிரியே ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவுல ஊசிமுனை அளவு நிறம் தெரியுதா?

– தெரியுது. அசல்தான். கண்ணு குளுந்துபோச்சு. ஆனா எனக்கு இப்பத்தான் கவலை கூடுது.

– அசல்னா எதுக்குங்க கவலை?

– அச்சா இருந்தா, வீட்டுப் பெருமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டாங்கன்னு விட்டிருப்பேன். யார் வீட்டுல இல்லை? எங்க மாமனாரோட தங்கப் பல்லு பித்தளை. அவர் சாகற வரைக்கும் நாங்க எல்லாருமா சேர்ந்து அதைத் தங்கம்னோம். ஆனா இது அசல். அசலை யாரோ இஸ்திரி போட்டுத் தேய்ச்சிருக்காங்க. தேய்ச்சது சிசுருதான்னு நேத்துலேர்ந்து புதுப்பேச்சு.

– சிசுருவா!

– நான் ஒண்ணும் சொல்ல வரல, தோமி அம்மா. எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு. பையனுக்கோ, அவ பேரைச் சொன்னா சோறு இறங்கல, அவனுக்குச் சோறு இறங்காம நான் பார்த்ததே இல்லை. ஆனா எங்க அலமாரி நிறைய மாமியார் காலத்துப் பட்டு. மருமக கையிலதான் சாவியைக் குடுக்கணும். மான்புள்ளிக்கு இஸ்திரி போடறவ கையில எப்படிக் குடுப்பேன்னு தகுமாவோட அப்பா கேக்கறார். இன்னைக்கே வேணாம்னு சொல்லிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கார்.

– அவ இல்லைங்க. நான். நான்தான் இஸ்திரி போட்டேன். கிழடாகிட்டேன், புத்தி மழுங்கிப்போச்சு.

– நீங்களா? இஸ்திரிப் பெட்டியைக் கண்டாலே நீங்க அடுப்படிக்கு ஓடிடுவீங்கன்னு சிசுரு அன்னைக்குச் சொல்லிச் சிரிச்சாளே.

– அது... அன்னைக்கு மட்டும் ஓடல.

– விடு தோமி. உனக்கு வராது. பொய் சொல்றப்போ காது ரெண்டும் சிவந்துடுது.

– அப்ப சிசுருதானா, ஒகுனோ ஐயா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. நான் வந்த வழியே போறேன். வெளியில யார்கிட்டயும் பேச மாட்டேன்.

– ஊர் சொல்றது தப்பு. சிசுரு அதைத் தொடல, யாரும் இஸ்திரியும் போடல. பட்டுல வருஷக்கணக்கா பெட்டியில கிடந்த மடிப்புக்கோடு தெரிஞ்சா, இந்த வீட்டுல கல்யாணம் நடந்து எத்தனை காலமாச்சுன்னு நீங்க எண்ணிடுவீங்களேன்னு, பள்ளிக்கூடப் பையன் கால்சட்டையை வைக்கிற மாதிரி அதை மெத்தைக்கடியில விரிச்சு, ராத்திரி முழுக்க அது மேல படுத்துத் தூங்கினது நான்.